காரணம் சொல்லும் தீர்ப்பு

1936இல் நோர்வேயில் நிறுவப்பட்ட '4எச்' இளையோர் இயக்கத்தின் தாய்வீடு அமெரிக்கா. அங்கு அதன் கால்நடைப் போட்டிகள் மூவகை. ஒன்றில் நலமடித்த நாம்பனின் தசைப்பிடிப்பு, கொழுப்பு, நடை மதிப்பிடப்படும். அடுத்ததில் அதை நடத்திவரும் பிள்ளையின் பக்குவம். மூன்றாவதில் பிள்ளைகளே நடுவர்கள்: நான்கு நாம்பன்களைத் தரவரிசைப்படுத்த வேண்டும். சரியான வரிசைக்கு வழமையாக 50 புள்ளி. காரணங்களை வாய்மொழியாக விளக்குவதற்கு இன்னொரு 50. பின்தள்ளிய நாம்பனின் நிறைகளையும் ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

நம்மூரில் சுழி பார்த்தவர் 'குடும்பத்துக்கு ஆகாது' என்றால் போதும், மாடு கைமாறிவிடும், காரணம் கேட்பாரில்லை. ஒஸ்லோவில் கூடி நாம் நடத்தும் இலக்கிய, அரசியல் விவாதங்களிலும் எத்தனை தீர்ப்புகள் சுழி பார்த்துச் சொல்லப்பட்டவை?