சூளூர்பேட்டையும் எக்ஸ் கதிர் பிடிக்கும் பளிங்குகளும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் நம் பெட்டிகள் ஒரு கூண்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகின்றன. உள்ளே இருக்கும் மாவடு பாட்டில், குத்துவிளக்கு, இட்லித் தட்டு எல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையில் தெரிந்துவிடுகின்றன. எக்ஸ் கதிர் செய்யும் வேலை இது. 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் பொருளையோ உடம்பையோ கடந்து வரும் அந்தக் கதிரைப் பிடித்துப் படமாக்குவது எது என்று அதிகம் யோசிப்பதில்லை. அந்தப் பிடிக்கும் பொருளைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். கதையைச் சூளூர்பேட்டையில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

ரயிலடியும் ராக்கெட்டும்

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் சூளூர்பேட்டை. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊர். காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் இந்த அம்மனைக் கும்பிட்டுப் போவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து சாலை போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் அந்த ஏரிக்கு அப்பால்தான் ஸ்ரீஹரிகோட்டா தீவும் சதீஷ் தவான் விண்வெளி மையமும்.

2015 செப்டம்பர் 28-ம் தேதி இங்கிருந்து அஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2024 புத்தாண்டு அன்று காலை எக்ஸ்போசாட் ஏவப்பட்டது. இரண்டுக்கும் முக்கியமான வேலை, வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்வது. கருந்துளைகளைச் சுற்றிச் சுழலும் வாயுவும், வெடித்த விண்மீன்களின் மிச்சமும் எக்ஸ் கதிர்களை வீசுகின்றன. நமது காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், கருவியை மேலே கொண்டுபோனால்தான் அவற்றைக் காண முடியும்.

அஸ்ட்ரோசாட்டில் இருந்த ஒரு கருவியின் கண், காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் மூன்றும் சேர்ந்த பளிங்கால் ஆனது. நண்டு நெபுலாவில் உள்ள துடிக்கும் விண்மீனின் எக்ஸ் கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அது அளந்தது. முடிவு 2017-ல் வெளியாயிற்று. எக்ஸ்போசாட்டில் உள்ள போலிக்ஸ் கருவியைச் செய்தது பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம். அது வாயு நிரப்பிய பெட்டிகளைக் கொண்டு கதிரைப் பிடிக்கிறது.

மேலே போன கருவியைப் பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975-ல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டபோது, அதிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின்சாரக் கோளாறால் சில நாட்களிலேயே ஆய்வுகள் நின்றுபோயின. அஸ்ட்ரோசாட்டோ 5 ஆண்டுகளுக்கென்று அனுப்பப்பட்டு, அதற்கு மேலும் உழைத்தது. கதிரைப் பிடிக்கும் பொருளுக்குக் கூர்மை எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு உறுதியும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நல்ல கண் எப்படி இருக்க வேண்டும்?

எக்ஸ் கதிர் மெல்லிய பொருளைச் சட்டை செய்யாமல் போய்விடும். அதை நிறுத்தக் கனமான அணுக்கள் வேண்டும். நின்ற இடத்தில் அது மின்னூட்டங்களை உண்டாக்கும். அவை வழியில் தொலைந்து போகாமல் மின்முனைக்கு வந்து சேர வேண்டும். இந்த இரண்டும் ஒரே பொருளில் அமைவது அரிது. காட்மியம் துத்தநாக டெல்லூரைடில் அமைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பளிங்கை 1000 டிகிரிக்கு மேல் உருக்கி, மிக மெதுவாக வளர்க்க வேண்டும். பெரிய துண்டு எடுப்பது கடினம்; விலையும் அதிகம்.

அதனால்தான் பெரோவ்ஸ்கைட் என்ற பெயர் இன்று ஆய்வுக்கூடங்களில் அதிகம் அடிபடுகிறது. 1839-ல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, ரஷ்யாவின் பெரோவ்ஸ்கி என்பவரின் நினைவாக வைத்த பெயர் இது. அதே அமைப்புள்ள வேறு பொருள்களுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் பேசும் வகையில் நடுவில் ஈய அணு. அதைச் சுற்றி ஆறு அயோடின் அல்லது புரோமின் அணுக்கள். இந்தக் கூட்டங்கள் புள்ளிக் கோலம் போல வரிசையாக, ஆனால் முப்பரிமாணத்தில் நிற்கின்றன. இடைவெளிகளில் மெத்தில் அமோனியம் என்ற சிறு கரிமக் கூறு உட்கார்ந்திருக்கிறது. கரிமமும் உலோகமும் கலந்திருப்பதால் இதைக் கலப்பினப் பெரோவ்ஸ்கைட் என்கிறார்கள்.

2009-ல் ஜப்பானில் மியாசாக்கா குழுவினர் இதைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தியபோது, விழுந்த ஒளியில் 3.8 சதவீதமே மின்சாரமாயிற்று. இன்று ஆய்வுக்கூடக் கலங்களில் அது 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மின்சாரம் கொடுத்தால் இதே வகைப் பொருள் ஒளியும் வீசும். ஈயமும் அயோடினும் கனமான அணுக்கள் ஆயிற்றே, எக்ஸ் கதிருக்கும் ஏன் பயன்படுத்தக்கூடாது என்ற கேள்வி இயல்பாகவே வந்தது.

இதைச் செய்யும் முறையும் எளிது. வீட்டில் பாகு ஆறும்போது கற்கண்டு படிவதைப் பார்த்திருக்கிறோம். இந்தப் பொருளைத் தகுந்த கரைப்பானில் கரைத்தால் தலைகீழாக நடக்கிறது: சூடு ஏற ஏறப் பளிங்கு வளர்கிறது. 150 டிகிரிகூடத் தேவைப்படுவதில்லை. 2016-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் குழுவினர் இத்தகைய புரோமைடு பளிங்கைச் சோதித்தனர். மருத்துவக் கருவிகளில் பழக்கமான செலீனியப் படலத்தைவிட நான்கு மடங்கு உணர்திறன் கிடைத்தது. 2017-ல் தென்கொரியாவில் இப்பொருளைக் குழம்பாக்கி, அகலமான பரப்பில் பூசி எக்ஸ்-ரே படம் எடுத்துக் காட்டினார்கள்.

நமக்கு என்ன லாபம்?

உணர்திறன் கூடினால் குறைந்த கதிரிலேயே தெளிவான படம் கிடைக்கும். ஒரு முறை மார்பு எக்ஸ்-ரே எடுத்தால் உடம்பில் படும் கதிர் சுமார் 0.1 மில்லி சீவர்ட். இயற்கையாகவே பத்து நாட்களில் நம்மேல் படும் அளவுதான். ஆனால் சி.டி. ஸ்கேன் இதைவிடப் பல மடங்கு. திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டிய நோயாளிகளுக்கும், வளரும் குழந்தைகளுக்கும் கதிர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கருவியின் விலை குறைந்தால், ஊரில் தனியாக இருக்கும் நம் பெற்றோர் ஒரு ஸ்கேனுக்காகப் பெருநகரத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?

முதல் எதிரி ஈரம். மெத்தில் அமோனியம் ஈய அயோடைடின் கறுப்புப் படலம் ஈரக் காற்றுப் பட்டால் சிதைந்து, மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறிவிடும். ஏரியும் கடலும் சூழ்ந்த சூளூர்பேட்டை போன்ற ஊரில், பாதுகாப்பில்லாமல் வைத்தால் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது எதிரி உள்ளேயே இருக்கிறது. கருவி வேலை செய்ய மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மின்னூட்டத்தோடு அயோடின் அயனிகளும் மெல்ல நகரத் தொடங்குகின்றன. தட்டில் ஒன்றும் வைக்காதபோதே தராசு முள் நகர்ந்தால் எடையை எப்படி நம்புவது? அதுபோல, கதிர் விழாதபோதும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால் படமும் மங்கும். மூன்றாவதாக, ஈயம் நஞ்சு; உடைந்தால் வெளியே கசியாதபடி மூடி வைக்க வேண்டும்.

பரிகாரங்களும் நடக்கின்றன. கரிமக் கூறுக்குப் பதிலாகச் சீசியத்தைச் சேர்த்தால் பளிங்கு வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது. நீண்ட கரிம மூலக்கூறுகளை அடுக்குகளுக்கு நடுவே சுவர்போல் வைத்தால் ஈரமும் நுழையாது, அயனியும் எளிதில் நகராது. ஈயத்துக்குப் பதிலாக வெள்ளியையும் பிஸ்மத்தையும் சேர்த்த பளிங்கைக் கொண்டு சீன ஆய்வாளர்கள் 2017-ல் எக்ஸ் கதிரை அளந்தார்கள். எந்த வழி வெல்லும் என்பதை ஆண்டுக்கணக்கான உழைப்புச் சோதனைதான் தீர்மானிக்கும். முதல் நாள் எடுத்த அழகான படத்தைவிட ஆயிரமாவது நாள் எடுத்த படத்தைக் காட்டுபவரைத்தான் மருத்துவமனை நம்பும். செயற்கைக்கோள் கட்டுபவரும் அப்படியே.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மருத்துவர் தேவை என்று சொல்லும் எக்ஸ்-ரேக்குப் பயப்பட வேண்டாம். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுபடி எடுக்கும் அவசியம் குறையும். கருவுற்றிருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகளில் ராக்கெட் என்றால் கண் விரிப்பவர்கள் பலர். வேதியியல் என்றால் முகம் சுளிப்பவர்களும் பலர். ராக்கெட் சுமந்து போகும் கண்ணைச் செய்வது வேதியியல்தான் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.