வாளியை உதைத்தாரா தாத்தா?



சந்தா எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கண் கலங்கிவிட்டார். அவருடைய மாமனார் இறந்துபோனதற்கு, ஏழாவது படிக்கும் மகள் இங்கிலீஷில் லீவு லெட்டர் எழுதியிருக்கிறாள். 'மை கிராண்ட்ஃபாதர் கிக்டு த பக்கெட்' என்று! ஏதோ புத்தகத்தில் அதற்கு 'இறந்தார்' என்று அர்த்தம் போட்டிருந்ததாம். வகுப்பே சிரித்துவிட்டது. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எட்டாங்கிளாஸ் தாண்டாத எனக்கு என்னத்தத் தெரியும், எப்படித் திருத்துறது?" என்றார் அந்த அம்மா.

தெரியும் என்கிறோம் நாங்கள்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'வாளியை உதைத்தார்'. அர்த்தமோ செத்துப்போனார் என்பது. நம்மூரில் 'மண்டையப் போட்டுட்டான்' என்கிறோமே, அதேதான். மண்டையை யார், எங்கே போட்டது? இப்படிப் பிரித்துப் பார்த்தால் பொருள் கிடைக்காத தொடரை இங்கிலீஷில் இடியம் என்பார்கள், தமிழ்ப் பாடத்தில் மரபுத்தொடர். 'கம்பி நீட்டிட்டான்', 'காது குத்துறான்' என்று நாம் தினமும் சொல்கிறோம். படித்தா தெரிந்துகொண்டோம்?

இப்போ யோசிங்க. சாவு வீட்டுக்குப் போய், "பெரியவர் மண்டையப் போட்டுட்டாராமே" என்று கேட்போமா? கேட்டால் அடிதான் விழும். 'கிக் த பக்கெட்'டும் அப்படிக் கேலியாகச் சொல்வது. லெட்டருக்கு 'பாஸ்டு அவே' என்று எழுத வேண்டும், நம்ம 'காலமானார்' மாதிரி. புத்தகம் அர்த்தத்தை மட்டும் சொன்னது, எந்த இடத்தில் பேசலாம் என்று சொல்லவில்லை. பிள்ளையிடம் "இதை யார்கிட்ட, எப்போ சொல்லுவாங்க?" என்று கேட்க இங்கிலீஷ் வேண்டாம், அம்மா போதும்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று ஒன்று. எப்போதாவது அபூர்வமாக என்று பொருள். இங்கிலீஷ் மாதம் ஒன்றில் இரண்டு பௌர்ணமி வந்தால், இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். நிலா நீலமாகத் தெரியாது. 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். நமக்கு 'அத்தி பூத்த மாதிரி'. அத்திப்பூ காய்க்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படாது. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், நாம் மரத்தைப் பார்த்தோம்.

குஞ்சு பொரிக்கும் முன்னே கோழியை எண்ணாதே என்பதும் அவர்கள் சொல்வதுதான். நம்ம பாட்டிகள் 'எருமை வாங்குமுன்னே நெய் விலை பேசாதே' என்றார்கள். கறவை மாட்டுக் கடனுக்கு மனு எழுதும்போதே தோடு வாங்கத் திட்டம் போட்டவர்கள் நம்மில் உண்டு (நாங்களும்தான்!).

'க்ரோகடைல் டியர்ஸ்' அப்படியே முதலைக் கண்ணீராக வந்துவிட்டது. நம்ம சொந்தச் சரக்கு நீலிக் கண்ணீர். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் ரொம்பச் சுலபம், அல்வா சாப்பிடுற மாதிரி. ஆனால் பரீட்சையில் கேக்குக்குப் பதிலாக இட்லி என்று எழுதினால் மார்க் கிடையாது. இடியத்தில் சொல்லை மாற்றக் கூடாது.

அந்தப் பெண் இப்போது பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்பதற்கு 'அண்டர் த வெதர்' என்று எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். சளி, தலைவலி, அசதிக்குப் பேச்சில் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் சொல்லக் கூடாது. லீவு லெட்டரில் 'சிக்' என்றே எழுதட்டும்.