பெட்டகம் பத்திரம்... பேக்கப்?

எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் போட்டுப் பூட்டி, ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். லாஸ்ட்பாஸ் போன்ற செயலிகளின் வசதி அதுதான்.

2022-ல் அந்த நிறுவனத்துக்குள் புகுந்த திருடர்கள், கிளவுடில் இருந்த வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்பை நகலெடுத்துச் சென்றார்கள். அதற்கான சாவிகள் நான்கே நான்கு இன்ஜினீயர்களிடம்தான் இருந்தன. அவர்களில் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டரில், அப்டேட் செய்யாமல் கிடந்த ஒரு வீடியோ சாஃப்ட்வேரின் ஓட்டை வழியே நுழைந்து, அவர் டைப் செய்த மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்துவிட்டார்கள்! நிஜ ஊழியரின் சாவியோடு வந்ததால், வந்தது திருடன் என்று சட்டெனத் தெரியவில்லை.

நகல் கையில் இருந்தால் திருடனுக்கு அவசரமே இல்லை. ‘மூன்று முறை தப்பானால் லாக்’ என்ற தொல்லையும் கிடையாது. வருடக்கணக்கில் யூகித்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் மாஸ்டர் பாஸ்வேர்டை இப்போது மாற்றினாலும், போன நகல் பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். உள்ளே இருக்கும் பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் வழி.

ஆகவே, நகல் எடுக்கும் அந்த நிமிடத்திலேயே கவனிக்க வேண்டும். விண்டோஸில் இதற்கென்றே ஒரு எண் உண்டு. கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பாஸ்வேர்டுகளை யாராவது பேக்கப் எடுத்தால், தணிக்கை வசதி ஆனில் இருக்கும்பட்சத்தில், செக்யூரிட்டி பதிவேட்டில் 5376 என்று விழும். யார், எப்போது என்பதும் இருக்கும். பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றினால் 5377.

ஆபீஸ்களில் அடிக்கடி வருகிற எண் அல்ல இது. நள்ளிரவில் விழுந்தால், சம்பந்தப்பட்டவருக்கு உடனே போன் போட்டு, “நீங்கதான் எடுத்தீங்களா சார்?” என்று கேட்டுவிடலாம்.