பூந்தமல்லியில் இருந்த நாயக்கர்

சென்னை மாநகரின் பிறப்பில் பூந்தமல்லிக்குப் பெரும் பங்கு உண்டு.

விஜயநகரப் பேரரசு தேய்ந்து, அரசர் சந்திரகிரிப் பக்கம் ஒதுங்கியிருந்த காலம். பழவேற்காட்டிலிருந்து சாந்தோம் வரை கடற்கரையில் செல்லுபடியானது தாமர்ல குலத்து நாயக்கர்களின் சொல்தான். வெங்கடப்பர் வந்தவாசியில் இருந்தார். அவருடைய சகோதரர் அய்யப்பர் பூந்தமல்லியில் இருந்தார்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள். இருவருக்கும் ஓயாத சண்டை. நடுவே ஓர் ஊர் எழுந்தால் சண்டை அடங்கும் என்று அய்யப்பர் கருதியதாக, இன்னொரு சகோதரர் அங்கபூபாலர் ‘உஷாபரிணயம்’ என்ற தெலுங்குக் காவியத்தில் பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு தொலைநோக்கு!

ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் டேயை வரவழைத்ததில் அய்யப்பருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1639-இல் வெங்கடப்பர் சாசனம் தந்தார். அதன்படி ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டலாம், நாணயம் அச்சடிக்கலாம். துறைமுகச் சுங்கத்தில் பாதி நாயக்கருக்கு. அப்படி எழுந்த ஊர், நாயக்கர் சகோதரர்களின் தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் ஆனது.

அடுத்த முறை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும்போது, இந்தச் சகோதரர்களின் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.