மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் ஊரெல்லாம் சரண கோஷம் கேட்கும். மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு அதோடு இன்னொரு கணக்கும் ஓடும். ஒன்றாம் தேதி மாலை போட்டவர், மூன்றாம் தேதி ராத்திரி கறுப்பு வேட்டியோடு ஸ்ட்ரெச்சரில் வருவார். கழுத்தில் துளசி மணி, கைகளில் நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை. சுவரில் பூரான் ஊர்கிறது என்று கையை வீசித் தட்டிக்கொண்டே இருப்பார். கூட வந்தவர்கள் கிசுகிசுப்பாகச் சொல்வார்கள்: "விரதத்துல ஏதோ தீட்டு பட்டிருச்சு டாக்டர்."

இந்த வருடம் வந்த முதல் ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டாம் நாள் மத்தியானம் வலிப்பு வந்திருக்கிறது. கையில் இரும்புச் சாவியைத் திணித்திருக்கிறார்கள். பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகியதில் முன்பல் ஒன்று போய்விட்டது. சாயங்காலம் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. மறுநாள் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். அதற்கும் அடங்கவில்லை என்ற பிறகுதான் எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. பதினைந்து வருடம் தினமும் குடித்தவர், சாமிக்காக ஒரே நாளில் விட்டார் என்பதை நான் மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அவர் மனைவி சொன்னார். "நல்லதுதானே செஞ்சாரு, அதப் போய் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன் சார்."

அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. குடித்தால் ஆபத்து என்று சொல்லித்தான் எல்லோரையும் வளர்த்திருக்கிறோம். நிறுத்தும்போதும் ஆபத்து வரும் என்று யார் சொன்னோம்?

நிறுத்தினால் ஏன் நடுங்குகிறது?

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமபலம், கயிறு அசையாமல் நிற்கிறது. ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் எதிர்ப்பக்கத்தார் என்ன ஆவார்கள்? மல்லாந்து விழுவார்கள். வருடக்கணக்காக மது மூளையை அமைதிப் பக்கம் இழுக்கிறது. மூளையும் சும்மா இருக்காமல், அதற்கு ஈடாகப் பரபரப்புப் பக்கம் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது ஒரே நாளில் நின்றால் மிஞ்சுவது அந்தப் பரபரப்பு மட்டும்தான்.

கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் வருவதுதான் பெரிய கண்டம்: காய்ச்சல், படபடப்பு, இடம் காலம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சியும் பாம்பும் தெரிவது. டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். குடியை நிறுத்துகிற எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால், சிகிச்சை இல்லாமல் உயிரே போகலாம்.

சத்துக்குறைவால்தான் இப்படி ஆகிறது என்று மருத்துவ உலகமே ரொம்ப காலம் நம்பியது. 1955-இல் அமெரிக்காவின் ஹாரிஸ் இஸ்பெல் அதைச் சோதித்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் கொடுத்து மதுவும் கொடுத்தார். அவர்களில் 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்த ஆறு பேருக்கும் நிறுத்தியதும் நடுக்கம் வந்தது, இருவருக்கு வலிப்பும் வந்தது. (இன்றைக்கு அப்படி ஒரு ஆராய்ச்சிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தரவும் கூடாது.) 48 நாள் என்றால் நம் கணக்கில் ஒரு மண்டலம். சத்தாகச் சாப்பிட்டவருக்கே ஒரு மண்டலக் குடி இதைச் செய்தால், பதினைந்து வருடக் குடி என்ன செய்யும்?

பேய், வைராக்கியம், குளுக்கோஸ் பாட்டில்

"பேய் பிடிச்சிருக்கு" என்பதை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல், மூலையைப் பார்த்துப் பேசி, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மந்திரித்துக்கொள்ளுங்கள், கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு கட்டுங்கள். கட்டிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

இதைவிட என்னை எரிச்சல்படுத்துவது வைராக்கியப் பேச்சு. "ஆம்பளைன்னா மனசக் கட்டுப்படுத்தணும்" என்று ஒரு பெரியவர் எப்போதும் கட்டில் பக்கத்தில் நின்று சொல்வார். 2020 மார்ச் இறுதியில் டாஸ்மாக் கடைகள் மொத்தமாக மூடப்பட்டபோது வைராக்கியத்துக்கு வேலையே இல்லை, சரக்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் வார்னிஷைக் குடித்துச் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தது. மனவலிமை குறைந்தா அவர்கள் வார்னிஷைத் தேடிப் போனார்கள்?

"பீர் மட்டும்தான் டாக்டர், அது சரக்கே இல்ல" என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால், அதாவது 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 விழுக்காடு என்றால் 52 மில்லி. இரண்டு பாட்டில் பீர் குடித்தவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். நடுக்கமும் வலிப்பும் பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு வருவதில்லை.

அப்புறம் அந்தக் குளுக்கோஸ் பாட்டில். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் பி1 என்கிற தயமின் வற்றிக் கிடக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதைச் செரிக்கவே செலவாகிவிடும். கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், குழப்பம் கூடும். கார்ல் வெர்னிக்கே 1881-இலேயே விவரித்த நோய் இது. தவறவிட்டால் காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறக்கிற மனிதராகவே மீதி ஆயுள் கழியும். சர்க்கரை குறைந்திருந்தால் குளுக்கோஸ் அவசியம்தான், தயமினோடு சேர்த்து. தெம்புக்கு ஒரு பாட்டில் போடுங்கள் என்று நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

மெடிக்கலில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொடுப்பதும் அந்தக் குடும்பத்து மருந்துதான். ஈரலின் நிலையைப் பார்த்து, நாடித்துடிப்பைப் பார்த்து, நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்திவிடுவோம். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்குவதில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை. மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை என்று மேலே ஒரு கட்டிங் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். தப்பித்தாலும் ஆறு மாதத்தில் இரண்டாவது அடிமைத்தனம் ஒன்று தயாராக இருக்கும்.

சாம்பாரில் கலக்கும் மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்." பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறதோ, உறையில் எழுதியிருக்காது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் டைசல்பிராம் மாத்திரையையே வாங்கி, நுணுக்கிச் சாம்பாரில் கலக்கிவிடுகிறார்கள்.

இந்த மருந்தின் கதை சுவாரசியமானது. டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தவர்கள், கொஞ்சம் மது குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, படுத்துவிட்டார்கள். 1948-இல் அது குடிநோய்க்கு மருந்தாக வெளிவந்தது. மருந்தைச் சாப்பிடுகிறோம், குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து பயந்து விலகுகிறவருக்குத்தான் அது மருந்து. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரைக் கவிழ்ப்பார். ரத்த அழுத்தம் சரியும், இதயம் பலவீனமானவர் என்றால் அங்கேயே முடிந்துவிடும். கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. அன்போடுதான் கலக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போலீஸ் கேட்கும்போது அந்த அன்பு உதவாது.

என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

காலை ரவுண்ட்சில் எலும்பு முறிவு வார்டிலிருந்து அழைப்பு வரும். காலில் மாவுக்கட்டு, அட்மிட்டாகி மூன்றாம் நாள், ட்ரிப்பைப் பிடுங்கி எறிகிறார், "சைக்கோசிஸ், மனநலப் பிரிவுக்கு மாற்றவும்" என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் குடிப்பழக்கம் என்ற இடம் காலியாக இருக்கும். மனச்சிதைவில் குரல் கேட்பவருக்கு இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்பது பெரும்பாலும் தெரியும். கிழமையும் தெரியாமல், காய்ச்சலும் வியர்வையும் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது: கடைசியாக எப்போது குடித்தார்? வார்டில் மூன்று நாள் படுத்திருப்பதும் மாலை போட்டதும் மூளைக்கு ஒன்றுதான்.

பரீட்சையில் தவறாமல் கோட்டைவிடும் இன்னொன்று, நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். தண்டனை என்று எழுதுவீர்கள். அது தண்டனை கிடையாது. காலையில் கை நடுங்குகிறது, டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறது. ஒரு அவஸ்தை விலகுவதால் ஒரு பழக்கம் இறுகுகிறது. ஜாலிக்காக ஆரம்பித்தவர் கடைசியில் நடுங்காமல் இருப்பதற்காகவே குடிக்கிறார். இது புரிந்துவிட்டால் "ஏன்யா குடிக்கிற?" என்ற அசட்டுக் கேள்வியை நோயாளியிடம் கேட்க மாட்டீர்கள்.

வீட்டில் நடப்பதும் இதே பாடம்தான். மூன்று நாள் காசு தர மாட்டேன் என்று மல்லுக்கட்டிவிட்டு, நான்காம் நாள் சத்தம் தாங்காமல் இருநூறு ரூபாயை எடுத்து வீசுகிறார் மனைவி. எப்போதாவது பலிக்கும் சண்டை, தினமும் பலிக்கும் சண்டையைவிட விடாப்பிடியாக நிலைக்கும். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைத்தான் காட்டினார். வேலை முடிந்து டாஸ்மாக் கடை வழியாக வரும்போது வாய் ஊறுவது பாவ்லோவ் காட்டிய பாடம். வழியை மாற்றச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது வேலை செய்யும்.

பரிசோதனைகள்

இப்படி வருபவருக்கு நாங்கள் பார்ப்பவை: ஈரல், சர்க்கரை, ரத்த உப்புகள்; விழுந்து தலையில் அடி என்றால் சி.டி. ஸ்கேன்.

கெஞ்சிக் கேட்கிறேன்

குடியை விடுங்கள். தயவுசெய்து தனியாக விடாதீர்கள். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்களெல்லாம் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை. அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் மறுவாழ்வு மையத்தின் வாசலை மட்டும் மிதித்துவிடாதீர்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108. சாவியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் குடித்த கதையை எங்களிடம் மறைக்காதீர்கள். எத்தனையோ பார்த்தாயிற்று, முகம் சுளிக்க மாட்டோம்.

மாலை போடப் போகிறீர்களா, ஐப்பசி கடைசியிலேயே வாருங்கள். பத்து நாள் கொடுத்தால் நடுக்கமில்லாமல் கோயிலுக்கு அனுப்பி வைக்கிறோம். மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெட்டுவிடுமா என்று பயப்படுகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்த குருசாமிகளிடம் நானே போய்க் கேட்டிருக்கிறேன். கெடும் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதில் ஒருவர், இந்த வருடம் மாலை போட வந்த இரண்டு பேரை "முதல்ல டாக்டரப் பார்த்துட்டு வா சாமி" என்று எங்கள் ஓ.பி.க்கு அனுப்பி வைத்தார்.