சுருதித் திருத்தத்தைப் பதித்து நிலைப்படுத்தல்

சுருதி விலகிய குரலைச் சரிசெய்யும் பிளக்-இன், மூல ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. பாட்டு ஒலிக்கும்போதே கணக்கிட்டுத் திருத்திக் கொடுக்கிறது. 1997-இல் ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்குமுன் எண்ணெய் வளம் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணிதமே குரலின் சுருதியைக் கண்டறியவும் கைகொடுத்தது.

இந்தத் திருத்தத்தைப் புதிய ஒலிக்கோப்பாக எழுதி ட்ராக்கில் நிலைப்படுத்துவதே ‘கமிட்’. கணினியின் சுமை குறையும். அந்த பிளக்-இன் இல்லாத ஸ்டூடியோவிலும் பாட்டு மாறாமல் ஒலிக்கும். பதித்தபின் புதிய ட்ராக்கில் திருத்தும் பிளக்-இன் (திருத்தி) இயங்கக் கூடாது. இயங்கினால் ஒரே குரல் இருமுறை திருத்தப்படும். மூல ட்ராக்கை அழிக்காமல், மியூட் செய்து மறைத்து வைப்பது கட்டாயம்.

கர்நாடக இசையில் ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகங்கள் முக்கியம் என்பதால், பதிக்குமுன் காதுக்குத்தான் பெரிய வேலை. தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில், 1904-இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளியானது. கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் இட்டு அசைவுகளையும் ஏட்டில் காத்த அரும்பெரும் நூல் அது. எடுத்துக்காட்டாக, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவுதான் அதன் உயிர். வேகமாக இழுக்கும்படி அமைத்த திருத்தி, அந்த அசைவைப் பிழையென்று கொண்டு குரலைப் பக்கத்து ஸ்வரங்களுக்குப் படிப்படியாகத் தாவவைக்கும், ராகம் சிதைந்துவிடும். கமகம் வரும் இடங்களில் திருத்தியை விலக்கி, நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் கையால் சரிசெய்து, தம்புராவோடு முழுப்பாட்டையும் கேட்டபிறகே பதிக்க வேண்டும்.