மின்மினியும் வெண்பனியும்

முயன்று கற்போரைப் போற்றும் பழமொழிகள் எல்லா இனத்தாரிடமும் உண்டு. நம்மோடு இந்நாட்டில் வாழும் சீன மக்களிடம் 'நாங் யிங் யிங் ஷுவே' என்னும் முதுமொழி வழங்கி வருகின்றது. 'பையில் மின்மினி, பனியில் ஒளி' என்பது அதன் பொருள். மின்மினிக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு? அதனை அறிய நாம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

கி.பி. 317 முதல் 420 வரை சீனத்தில் கிழக்கு ஜின் மரபினர் ஆட்சி புரிந்தனர். அக்காலத்தில் சே யின் என்பவர் வறுமையில் வளர்ந்தார். விளக்கெரிக்க எண்ணெய் வாங்கவும் அவர் வீட்டில் எப்போதும் பொருள் இருப்பதில்லை. ஆயினும் படிப்பை அவர் கைவிடவில்லை. கோடைக்கால இரவுகளில் பல மின்மினிகளைப் பிடித்து, மெல்லிய துணிப்பையில் இட்டு, அவ்வொளியில் படித்தார். பின்னாளில் அரசு அதிகாரிகளை நியமிக்கும் துறைக்கே அமைச்சராக உயர்ந்தார். கி.பி. 648-இல் தொகுத்து முடிக்கப்பட்ட 'ஜின் வரலாறு' என்னும் நூல் இச்செய்தியைக் கூறுகின்றது.

அதே ஜின் மரபினர் காலத்தவர் சுன் காங். அவரும் ஏழையே. குளிர்காலத்தில் தரையெங்கும் வெண்பனி படர்ந்திருக்கும். பனிக்குத் தன்னொளி இல்லை; எனினும் வானத்தின் ஒளியை அது திருப்பி அனுப்பும். உடல் நடுங்கும் குளிரிலும் அவர் அவ்வொளியில் நூல்களைப் பயின்றார். இவ்விருவர் கதைகளும் இணைந்தே அப்பழமொழி பிறந்தது. சீனச் சிறுவர்கள் தொன்றுதொட்டுப் பயின்றுவரும் 'மூவெழுத்து நூல்' இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது.

மின்மினி ஒளியில் உண்மையிலேயே படிக்க இயலுமா? 1661 முதல் 1722 வரை ஆண்ட காங்சி பேரரசருக்கும் இவ்வையம் எழுந்தது. நூறு மின்மினிகளைப் பெரிய பையொன்றில் இட்டுச் சோதித்தார். எழுத்துகள் புலப்படவில்லை! நூலில் உள்ள அனைத்தையும் அப்படியே நம்பிவிடலாகாது என்று அவர் தம் மைந்தர்க்கு அறிவுறுத்தினார்.

பேரரசரின் சோதனைக்குப் பின்னும் பழமொழி வீழவில்லை. ஏன்? அது விளக்கின் வலிமையைப் பற்றியதன்று. கற்பவரின் உறுதியைப் பற்றியது. ஜப்பானியரும் இக்கதையைத் தமதாக்கிக் கொண்டனர். 'மின்மினியின் ஒளி' என்னும் அவர்தம் பாடல் பள்ளிப் பிரிவுபசார விழாக்களில் நெடுங்காலமாகப் பாடப்பட்டு வருகின்றது.

மாணவச் செல்வங்களே! விசையை அழுத்தியதும் நம் வீட்டில் விளக்கு எரிகின்றது. அவ்வொளியில் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் நூலை விரித்துப் பயிலுங்கள். பெற்றோர்களே! உழைத்துக் களைத்து வீடு திரும்பும் உங்களுக்குப் பாடம் சொல்லித்தர இயலாமற் போகலாம். ஆனால், பிள்ளை படிக்கும் அந்நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி வைக்க உங்களால் இயலும். அன்று எண்ணெய் இல்லாத வீட்டில் கல்வி வளர்ந்தது; இன்று விளக்குள்ள வீட்டில் அது வாடலாமா?